சுருண்ட சிரையின் சுவரில் என்ன நடக்கிறது?

'காலில் நரம்பு சுருட்டிக்கிச்சு' என்று சொல்கிறோம். உண்மையில் அது நரம்பே அல்ல. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் சிரை. டாக்டர்கள் 'வெரிகோஸ் வெயின்' என்பது இதைத்தான்.

ஏற்காட்டில் மேடு பள்ளம் ஏறி இறங்குவதால்தான் இது வருகிறது என்று நினைக்கிறீர்களா? இல்லை. நடக்கும்போது கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே பிழிந்து தள்ளுகிறது. அசையாமல் நின்றால்தான் ஆபத்து. அப்போது பாதத்துச் சிரையில் அழுத்தம் 80 - 90 மி.மீ. வரை ஏறும். ஆரோக்கியமான கால் நடக்கத் தொடங்கினால் 30-க்கும் கீழே இறங்கிவிடும். எனவே எஸ்டேட் பாதையில் நடப்பவரைவிட, டீக்கடை அடுப்படியில் நாள் முழுக்க நிற்பவர்தான் கவனமாக இருக்க வேண்டும். பரம்பரை, கர்ப்பகாலம், உடல் பருமன் ஆகியவையும் காரணங்கள்.

சுவர் தளர்வது எப்படி?

சிரையின் சுவரில் மூன்று அடுக்குகள் உண்டு. நடு அடுக்கில் தசைச் செல்கள் வளையம் வளையமாக இருக்கும். நடுவே இழுத்தால் மீளும் எலாஸ்டின் நாரும், உறுதி தரும் கொலாஜன் நாரும் இருக்கும். அழுத்தம் நீடித்தால் தசைச் செல்கள் சுருங்கி விரியும் வேலையை மறந்து, நார்ப்பொருளைச் சுரக்க ஆரம்பிக்கின்றன. வரிசை கலைகிறது. எலாஸ்டின் சிதைகிறது. ஒரே சிரை ஓரிடத்தில் தடித்தும், பக்கத்திலேயே மெலிந்து பலூன் போலப் புடைத்தும் போகிறது. வால்வு கெட்ட பிறகே சுவர் விரியும் என்று முன்பு நினைத்தார்கள். சுவர் முதலில் விரிந்து, வால்வின் இதழ்கள் ஒன்றோடொன்று சேர முடியாமல் போவதும் உண்டு என்று இப்போது தெரிகிறது.

நைந்த எலாஸ்டிக் மறுபடி இறுகுமா? அதுபோலத்தான் இதுவும். எண்ணெய் தேய்த்தோ மாத்திரை விழுங்கியோ பழைய சுவரைக் கொண்டுவர முடியாது. நடைப்பயிற்சி, காலை உயர்த்தி வைத்தல், டாக்டர் சொல்லும் அழுத்தக் காலுறை ஆகியவை வீக்கத்தையும் வலியையும் குறைக்கும். தேவைப்பட்டால் லேசர் முறையிலோ அறுவை சிகிச்சையிலோ கெட்ட சிரையை அடைத்துவிடலாம், அகற்றியும் விடலாம். 'அப்புறம் ரத்தம் எப்படிப் போகும்?' என்று பயப்படாதீர்கள். காலின் ரத்தத்தில் பெரும்பகுதியை ஆழத்துச் சிரைகளே சுமக்கின்றன.

இதை மறக்காதீர்கள்

கணுக்கால் அருகே மெலிந்த சிரை, செடிக் குச்சி கீறினால்கூட உடைந்து, வலியே இல்லாமல் ரத்தம் பீறிடலாம். உயிருக்கே ஆபத்து! உடனே படுக்க வைத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அந்த இடத்தில் அழுத்திப் பிடியுங்கள். மேலே கயிறு கட்டாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி சேலம் போய்ச் சேரும்வரை அழுத்திய கையை எடுக்க வேண்டாம்.

கணுக்கால் தோல் கறுத்தாலோ, புண் ஆறாவிட்டாலோ தள்ளிப்போடாதீர்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.