இந்தக் குளம் யாருடைய பொறுப்பு?

சில ஆண்டுகளுக்கு முன்னர் மீள்குடியேறிய ஒரு கிராமத்தில் குளக்கட்டு உடைந்திருந்தது. கலிங்குக்குப் பக்கத்தில் இருந்த சிறு கசிவை எவரும் பார்க்கவில்லை. பார்க்க அங்கே ஆட்களே இருக்கவில்லை. மாரி வெள்ளம் வந்து கட்டை அறுத்துக்கொண்டு போய்விட்டது. ஊருக்குத் திரும்பிய மக்கள் மனு ஒன்று எழுதினார்கள். பங்குத் தந்தை என்ற முறையில் நானும் ஒப்பமிட்டு, பங்கின் முத்திரையையும் குத்திக் கொடுத்தேன். இரண்டு காலபோகங்கள் கடந்தும் பதில் வரவில்லை. நேரிற் போய் விசாரித்தபோதுதான் விடயம் தெரிந்தது: நாம் மனு அனுப்பிய அலுவலகத்துக்கு அந்தக் குளத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. அதை உரிய இடத்துக்கு அனுப்பிவைக்க அங்கே எவரும் மினக்கெடவில்லை என்பது உண்மைதான். ஆனால் முதற் பிழை எங்களுடையது. யாருடைய குளம் என்று கேளாமலே மனு எழுதினோம்.

இன்னமும் நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வீடுகளிலும் இருப்போரும், அண்மையில் ஊர் திரும்பியோரும் இந்தப் பிழையை மீண்டும் செய்யக்கூடாது என்பதற்காகவே இப்பாடம்.

குளத்திலிருந்தே தொடங்குவோம். 80 ஹெக்டேயர், அதாவது ஏறத்தாழ 200 ஏக்கர் வரையிலான வயலுக்கு நீர் பாய்ச்சுகின்ற குளம் சிறிய குளம் எனப்படும். அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. அதற்காக நாம் போகவேண்டிய இடம் கமநல சேவை நிலையம். அதற்கு மேற்பட்ட குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு உரியவை. அதிலும் இரண்டு உண்டு. ஒரே மாகாணத்தினுள் ஓடும் ஆற்றின் குளங்களை மாகாண நீர்ப்பாசனத் திணைக்களம் பார்க்கிறது; கனகராயன் ஆற்றின் இரணைமடு இதற்கு உதாரணம். ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களினூடாக ஓடும் ஆறு மத்திய திணைக்களத்துக்கு உரியது. அனுராதபுரப் பக்கமிருந்து மன்னாருக்கு வரும் அருவி ஆற்றிலிருந்து நீர் பெறுகின்ற கட்டுக்கரைக் குளம் அப்படிப்பட்டது. எனவே மனு எழுதுமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: எங்கள் குளத்தின் கீழ் எத்தனை ஏக்கர் வயல்? பெரியவர்கள் இதை விரல்நுனியில் வைத்திருப்பார்கள். வட்டவிதானைப் பதவி 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தோடு போனாலும், அந்தக் குடும்பத்தாரிடம் கேட்டால் எந்தத் துரிசின் கீழ் யாருடைய வயல் என்பது வரை சொல்வார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

சிறிய குளத்தின் விடயத்தில் தனி ஆளின் கடிதத்துக்கு நிறை குறைவு. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்ட கமக்காரர் அமைப்புத்தான் அங்கே பேசவேண்டிய வாய். இடம்பெயர்வினால் பல அமைப்புகள் கூட்டமின்றி, கணக்கின்றி உறங்கிக் கிடக்கின்றன. தலைவர் ஒரு முகாமில், பொருளாளர் இன்னொரு மாவட்டத்தில். அமைப்பைப் புதுப்பிப்பதற்கு ஊர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பகுதிக்குரிய கமநல சேவை நிலையத்திற்குச் சென்று, அமைப்பின் பதிவு எந்த நிலையில் உள்ளது, கமக்காணிப் பதிவேட்டில் யார் யாருடைய பெயர்கள் உள்ளன என்று இன்றே விசாரிக்கலாம்.

இனிப் பாதைகள். ஏ, பி தரப் பாதைகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தரப் பாதைகள் மாகாண வீதித் திணைக்களத்துக்கும் உரியவை. ஊருக்குள் ஓடும் மிகுதிப் பாதைகளில் பெரும்பாலானவை பிரதேச சபைக்கு உரியவை. குளக்கட்டின் மேல் போகும் பாதை, வயலுக்குப் போகும் பாதை என்பன வேறு திணைக்களங்களின் பொறுப்பில் இருக்கலாம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. பிரதேச சபை தன் பணத்தை ஒரு பாதைக்குச் செலவிடுவதற்கு அப்பாதை சபைக்குரிய பாதையாகப் பதிவில் இருக்கவேண்டும். எங்கள் பாட்டன் காலத்திலிருந்தே வண்டில் போன பாதை என்று நாம் சொல்லுவோம். பதிவில் இல்லாவிட்டால் கணக்காய்வாளர் ஒத்துக்கொள்ளமாட்டார். பல ஆண்டுகள் பற்றை மூடிக் கிடந்த பாதைகள் பதிவில் உள்ளனவா என்பதை முதலில் தேடிப் பாருங்கள்.

பொதுக் கிணறு, சந்தை, வாசிகசாலை, மயானம், வடிகால், குப்பை அகற்றல், தெருவிளக்கு ஆகியவை பிரதேச சபையின் வேலைகள். பாடசாலையும் வைத்தியசாலையும் அதன் கையில் இல்லை. பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றல்ல என்பதையும் மனதில் வையுங்கள். பெயர்கள் நெருங்கியவை என்பதால் நம்மவர்கள் அடிக்கடி மயங்குகிறார்கள். முன்னையது நாம் வாக்களித்துத் தெரிவுசெய்வது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவானது. பின்னையது அரசாங்க உத்தியோகத்தர்களின் அலுவலகம். காணி அனுமதிப்பத்திரம், நிவாரணம் போன்றவை அங்கேதான்.

இடம்பெயர்ந்தோர் விளங்கிக்கொள்ள வேண்டிய முக்கியமான விடயம் பணம் பற்றியது. பிரதேச சபையின் சொந்த வருமானம் ஆதன வரி, வியாபார உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை போன்றவற்றிலிருந்து வருகிறது. காணி கைமாறும்போது அறவிடப்படும் முத்திரை வரியும் மாகாணத்தின் ஊடாகச் சபைக்கு வருகிறது. ஆட்கள் இல்லாத ஊரில் கடை இல்லை, சந்தை இல்லை, காணி விற்பனையும் இல்லை. ஆகவே அவ்வூரிலிருந்து சபைக்கு ஒரு சதமும் வராது. சந்தையடியில் வடிகால் வேண்டுமென்று மாதந்தோறும் வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். கைவிடப்பட்ட ஊருக்காக வந்து நிற்பவர் எவரும் இல்லை. யாருடைய தீய எண்ணமும் இல்லாமலே எங்கள் ஊர் வரவு செலவுத் திட்டத்தில் இருந்து மறைந்துபோகும். மறுபடி ஊருக்குப் போகலாம் என்று அறிவிக்கும் நாளில் பாதையும் இராது, கிணறும் இராது.

சபை அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை ஆண்டு முடிவதற்குள் நிறைவேற்ற வேண்டும். அதற்கு முன்னர் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும் என்பது சட்டம். எனவே டிசெம்பரில் ஓடிப்போவதில் பயனில்லை. ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே உங்கள் கோரிக்கை சபையின் கையில் இருக்கவேண்டும். சபை தன் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊர்வாசிகளையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. மாதாந்தக் கூட்டத்தைச் செயலாளருக்கு அறிவித்துவிட்டுப் போய் இருந்து பார்க்கலாம். ஐந்து பேர் அமைதியாகப் பின்வரிசையில் இருந்தாலே பேச்சின் தொனி மாறுவதை நான் கண்டிருக்கிறேன்.

பதில் சொல்லாத அலுவலகத்துக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எந்தக் குளம் யார் பொறுப்பில், அதற்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டதா, எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது என்று தகவல் அலுவலரிடம் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்பதற்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாயாற் சொன்னால் அவர் எழுதிக்கொள்ள வேண்டும். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்கவேண்டும்.

வாக்கு விடயத்தையும் சொல்லவேண்டும். முந்திய சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தபின், தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் பிற்போடப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் திகதிதான் வாக்களிப்பு நடைபெற்றது. இடைப்பட்ட காலத்தில் எங்களுக்காகக் கேள்வி கேட்க உறுப்பினர் எவரும் இல்லை. இப்போது வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் இருக்கிறார். உங்கள் பெயர் எந்த வட்டாரத்தின் வாக்காளர் இடாப்பில் உள்ளது என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

திருவிவிலியத்தில் நெகேமியா நூலின் இரண்டாம், மூன்றாம் அதிகாரங்களைக் குழுவாக வாசியுங்கள். நாடு கடத்தப்பட்டிருந்த மக்களின் இடிந்த நகருக்குத் திரும்பிய நெகேமியா, உடனே கூட்டம் கூட்டவில்லை. மூன்று நாட்கள் பொறுத்திருந்து, இரவில் சில பேரோடு மதிலைச் சுற்றிப் பார்த்தார். எந்த வாயில் எரிந்தது, எங்கே விலங்கும் போக இடமில்லை என்று தானே அறிந்த பின்னர்தான் அதிகாரிகளிடம் பேசினார். மூன்றாம் அதிகாரம் சலிப்பூட்டும் பெயர்ப்பட்டியல் என்று பலர் தாண்டிப் போவார்கள். குருமடத்தில் நானும் தாண்டினேன். உண்மையில் அது எந்தப் பகுதியை யார் கட்டினார் என்ற பதிவேடு. பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைக் கட்டியிருக்கிறார்கள். சல்லூமின் புதல்வியரும் வேலை செய்தார்கள். தெக்கோவாவின் பெரியவர்கள் தோள்கொடுக்க மறுத்தார்கள், அதுவும் எழுதப்பட்டிருக்கிறது.

இனி உங்கள் குழு செய்யவேண்டிய வேலை. ஒரு பெரிய தாளில், இல்லாவிட்டால் மண் நிலத்தில், உங்கள் ஊரை நினைவிலிருந்து வரையுங்கள். முதியவர்களும் பெண்களும் கட்டாயம் இருக்கவேண்டும். தண்ணீர் அள்ளிய கிணறுகளைப் பெண்களே சரியாகக் காட்டுவார்கள். குளம், வாய்க்கால், ஒழுங்கைகள், கோயில், மயானம், சனசமூக நிலையம் எல்லாவற்றையும் குறியுங்கள். பின்பு ஒவ்வொன்றின் பக்கத்திலும் பொறுப்பான அலுவலகத்தின் பெயரை எழுதுங்கள். தொண்டு நிறுவனங்கள் கட்டித் தந்தவற்றைத் தனியாகக் குறியுங்கள். அவை எவரிடமும் எழுத்தில் கையளிக்கப்படாவிட்டால், திருத்துவதற்கும் எவரும் வரமாட்டார்கள். பெயர் எழுத முடியாத இடங்களில் கேள்விக்குறி போடுங்கள். அந்தக் கேள்விக்குறிகளை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் கமநல சேவை நிலையத்துக்கும், இரண்டு பேர் பிரதேச சபைக்கும் அடுத்த வாரம் போகட்டும்.