பிரஷர் குக்கர் கற்பிக்கும் பாடம்

திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கிறது. பின்பு எவ்வளவு எரித்தாலும் அதன் சூடு ஏறாது. கொடுக்கும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகிறது. காற்றழுத்தம் குறைந்த உதகமண்டலத்தில் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே நீர் கொதித்துவிடுவதால், அங்கே பருப்பு வேக நேரமாகும். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். இவ்வுண்மையைக் கொண்டு 1679-இல் டெனிஸ் பாப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர் அமைத்த மூடிய கலமே குக்கருக்கு முன்னோடி.

குக்கருக்குள் அழுத்தம் வெளிக்காற்றைப்போல் ஏறத்தாழ இருமடங்காகி, நீரின் சூடு 120 டிகிரியை எட்டுகிறது. அதற்குமேல் அழுத்தம் ஏறினால் நீராவி வெயிட்டைத் தூக்கிக்கொண்டு, அழுத்தம் குறைந்த வெளிப்புறத்திற்குச் சீறிப் பாய்கிறது. அந்தச் சிறு குழாயைப் பருப்புத் தோல் அடைத்துவிட்டால் என்னாகும்? அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அப்போது பாதுகாப்பு வால்விலுள்ள உலோகக் கலவை உருகி ஆவிக்கு வழிவிட வேண்டும். அதுவும் பழுதாயிருந்தால் குக்கர் வெடிக்கும்.

ஆகவே மூடுமுன் குழாயில் அடைப்பு உண்டா என்று பாருங்கள். பழைய வால்வை மாற்றச் சொல்லுங்கள். ஆவி அடங்குமுன் திறக்காதீர்கள். அழுத்தம் திடீரெனக் குறைந்தால் உள்ளிருக்கும் நீர் பொங்கி முகத்தில் அடிக்கும். தேர்வுக்காகப் படிக்கும் விதி, அடுக்களையில் நிற்கும் அன்னையையும் காக்கட்டும்!