காயா, கன்றா?

"சூழ்நிலை மண்டலம் என்றால் என்ன?" என்று வகுப்பில் கேட்டால் எங்களுள் எவரும் தயங்குவதில்லை. உயிருள்ளவையும் உயிரற்றவையும் ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் அமைப்பு என்று ஒரே மூச்சில் ஒப்புவித்து விடுவோம். ஒப்புவித்தோமே அன்றி உணர்ந்தோமில்லை. இதை எங்கள் அறிவியல் ஆசிரியை அறிந்திருந்தார்கள் போலும்! ஒருநாள் புத்தகத்தை மூடச் சொல்லி, எங்களைப் பிச்சாவரத்திற்கு அழைத்துச் சென்றார்கள்.

சிதம்பரத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில், வெள்ளாறும் கொள்ளிடமும் கடலோடு கலக்கும் இடங்களுக்கு நடுவே அமைந்த அலையாத்திக் காடு அது. 2022-ஆம் ஆண்டில் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. சிதம்பரத்தின் பழம்பெயரான தில்லை என்பது இங்கு வளரும் ஒரு மரத்தின் பெயரே. அதன் பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம். ஆகவே, தில்லையைத் தொடாதே என்பதே எங்கள் முதற்பாடம்.

ஆசிரியை விளக்கம் தரவில்லை; கேள்விகளைத் தந்தார்கள். நாங்கள் மூன்று குழுக்களானோம்.

நீர் வடிந்த சேற்றில் பென்சில்களை நட்டாற்போல் நிற்பவை எத்தனை? ஒரு மீட்டர் சதுரத்திற்குள் மூவர் எண்ணினோம். மூன்று விடைகள் வந்தன! சதுரத்தை நூலால் நான்காகப் பிரித்து எண்ணிய பின்னரே விடை ஒத்தது. அவை வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள். சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம். அங்கே காற்றில்லை. ஆதலால் வேர்கள் மேல்நோக்கி வளர்ந்து, நுண்துளைகள் வழியே சுவாசிக்கின்றன.

இரண்டாம் குழுவினர் ஆசிரியை காட்டிய வெண்கண்டல் இலையை நாக்கில் வைத்தனர். உப்புக் கரித்தது! வேர் தடுத்தது போக உள்ளே நுழைந்த உப்பை இலை வெளியேற்றுகிறது.

உதிர்ந்த இலை என்னவாகிறது? இது மூன்றாம் குழுவின் கேள்வி. நுண்ணுயிர்கள் அதை மட்கச் செய்கின்றன. அதை நண்டும் இறாலும் உண்ண, அவற்றை மீன் உண்ண, மீனைக் கொக்கு கொத்துகிறது. எங்கள் வீட்டு இறால் குழம்புக்கும் இந்தச் சருகுக்கும் உறவுண்டு என்று அன்றுதான் அறிந்தோம்.

திரும்பும் வழியில் படகு சுரபுன்னை மரங்களை உரசிச் சென்றது. கிளைகளில் முருங்கைக்காய் போல் ஏதோ தொங்கின. நினைவுப் பொருளாக இருக்கட்டுமென்று எங்களில் ஏழு பேர் ஆளுக்கொன்று பறித்துவிட்டோம். படகோட்டித் தாத்தா துடுப்பை நிறுத்தினார்.

"காய்னு நெனச்சிட்டீங்களா பாப்பா? அது கன்னு. தாய்மரத்துலயே மொளச்சு வளந்து, தானா விழும்" என்றார். அவர் கோபிக்கவில்லை, அதுவே எங்களைச் சுட்டது.

உப்புச் சேற்றில் விதை முளைப்பது அரிது. ஆகவே தாய்மரம் கன்றைத் தன்னிடமே வைத்து வளர்த்து அனுப்புகிறது. நாங்கள் பறித்தவற்றுள் முற்றிய ஐந்தைச் சேற்றில் ஊன்றினோம். முற்றாத இரண்டும் பயனின்றிப் போயின. எங்கள் ஆய்வுக்கூட மேசையில் அவை உலர்ந்து கிடக்கின்றன.

இரண்டு கன்றுதானே என்று எண்ணலாகாது. முற்காலத்தில் இக்காட்டின் சில பகுதிகளை முழுவதுமாக வெட்டினார்கள். வெயிலில் காய்ந்த நிலம் தாழ்ந்தது, கடல்நீர் தேங்கி உப்பு மிகுந்தது, கன்றுகள் முளைக்கவில்லை. 1990-களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, நீரோட்டம் தந்து, கன்றுகளை நட்ட பின்னரே அங்கு பசுமை திரும்பியது. 26-12-2004 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, காட்டிற்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததாக ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர்.

தங்கையரே! இதைக் கற்கப் பிச்சாவரம் வரை செல்ல வேண்டுமென்பதில்லை. பள்ளி வேப்பமரத்தடியும் நான்கு மீட்டர் கயிறும் போதும். சதுரமிட்டு உள்ளிருக்கும் செடி, எறும்பு, சருகு அனைத்தையும் எண்ணி எழுதுங்கள். அடுத்த மாதம் மீண்டும் எண்ணுங்கள். மாறியது எது, ஏன் என்று கேளுங்கள். ஆனால் எதையும் பறிக்காதீர்கள்.

பறவைகளையும் உடன்பிறப்பாய் நேசித்த அசிசியின் புனித பிரான்சிசைச் சூழலியலின் பாதுகாவலராகத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1979-இல் அறிவித்தார். அப்புனிதரை நினைக்கும்போதெல்லாம் எங்கள் கண்கள் ஆய்வுக்கூட மேசையின் பக்கம் செல்கின்றன. பதில் பேசாத அவ்விரு கன்றுகளே எங்களுக்கு வாய்த்த சிறந்த பாடநூல்!