பில் வருவதற்கு முன்பே கணக்குத் தெரிய வேண்டும்

துபாயில் பர்துபாய், கராமா பக்கம் புதிதாக ஒரு பார் ரெஸ்டாரன்ட் திறக்கப்போகிற முதலாளி வாயைத் திறந்தால் விளக்கு, சோபா, பெயர்ப் பலகை என்றுதான் பேசுவார். கொச்சியிலோ சென்னையிலோ பார்த்து மயங்கிய ஓர் இடத்தின் போட்டோ போனில் தயாராக இருக்கும். நான் அந்த ஏரியா ஹோட்டல்களில் கேப்டனாக நின்று, பிறகு மானேஜராகவும் இருந்தவன். திறப்பு விழாக்களுக்கும் நின்றிருக்கிறேன், சாமான்களை ஏலம் போட்டு மூடிய நாட்களுக்கும் நின்றிருக்கிறேன். சோபாவுக்காக ஒருத்தர் இரண்டாவது முறை வந்து நான் பார்த்ததில்லை.

வருகிறவர் யார் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. துபாயில் மது பரிமாறும் இடங்களில் பெரும்பாலானவை ஹோட்டல்களுக்குள்தான் இருக்கின்றன. கடலோரத்துப் பெரிய ஹோட்டல்களுக்கு டூரிஸ்ட் வருவான். எங்கள் பக்கத்து இரண்டு, மூன்று நட்சத்திர ஹோட்டல்களுக்கு வருவது அக்கவுன்டன்ட், சேல்ஸ்மேன், டிராஃப்ட்ஸ்மேன், ஏசி மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர், ஃபிலிப்பைன் நர்ஸ். சம்பளம் விழுந்ததும் எக்ஸ்சேஞ்சுக்குப் போய் ஊருக்கு அனுப்பிவிட்டு, ரூம் வாடகைப் பங்கை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் ஒரு துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள். அந்தத் துண்டு எவ்வளவு என்பது லிஃப்டில் ஏறும்போதே அவர்களுக்குத் தெரியும்.

ஒரு புது இடத்தில், திறந்த வாரம். ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் தொங்க ஒருவர் தனியாக வந்தார். ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார். மெனு கார்டை எல்லோரும் இடப்பக்கமிருந்து படிப்பார்கள். இவர் வலப்பக்கம் விலைகளில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறங்கினார். விரல் ஒரு பியரில் நின்றது. "அண்ணே, இது எல்லாம் சேர்த்த விலையா?" என்றார். சேர்த்ததுதான் என்றேன். "பில்லுலயும் இதேதான் வருமா?" என்றார் மறுபடியும். வரும் என்றதும்தான் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

அவர் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஹோட்டல் பில்லில் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், முனிசிபாலிட்டி கட்டணம் 7 சதவீதம், 2018 ஜனவரி முதல் வாட் 5 சதவீதம். இவை விலைக்குள் அடக்கம் என்று கார்டின் அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பெரிய எழுத்தில், முதல் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். டிசைனர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். மதுவுக்கு இருந்த 30 சதவீத வரியை துபாய் 2023 தொடக்கத்தில் எடுத்தது, 2025 ஜனவரியில் திரும்பக் கொண்டுவந்தது. எடுத்தபோது விலையைத் தொடாமல் இருந்துவிட்டு, திரும்பி வந்தபோது மட்டும் மறுநாளே புது கார்டு அடித்த இடங்கள் உண்டு. வாடிக்கையாளர் வாயால் சொல்லமாட்டார். அடுத்த வாரம் பக்கத்து ஹோட்டலில் உட்கார்ந்திருப்பார்.

ஹேப்பி ஹவரும் அப்படித்தான். ஆறு மணிக்கு ஒரு விலை, எட்டு மணி தாண்டினால் இன்னொரு விலை என்றால், எட்டடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மேஜைக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டு இரண்டு பாட்டில் காசு அதிகம் வாங்கலாம்தான். அந்த ஆளை அத்தோடு மறந்துவிடலாம்.

இனி சாப்பாடு. திறக்கும்போது எல்லோரும் செய்வது, எல்லா ஊர்க்காரருக்கும் ஒரு டிஷ் என்று பன்னிரண்டு பக்க மெனு. மலையாளிக்குப் பரோட்டா பீஃப், ஃபிலிப்பினோவுக்கு சிசிக், இங்கிலீஷ்காரருக்கு ஃபிஷ் அண்ட் சிப்ஸ், நமக்கு சுக்கா, நடுவில் எதற்கோ நூடுல்ஸ். கிச்சனில் இருப்பது இரண்டு குக். வெளியூரில் இருப்பவர் தன் ஊர்ச் சாப்பாட்டில் மன்னிப்பே தரமாட்டார். பீட்ஸா சுமாராக இருந்தால் சாப்பிட்டுவிட்டுப் போவார், பீஃப் ஃப்ரையில் தேங்காய்க் கொத்து இல்லையென்றால் மேஜையில் இருக்கிற எல்லோரிடமும் சொல்லுவார். ஆகவே யாருடைய ஊர்க் குக் கையில் இருக்கிறாரோ அந்த ஊர்ச் சமையலை ஒழுங்காகப் போடுங்கள். மற்றவர்களுக்கு நல்ல சிக்கன் விங்ஸ் போதும்.

சிசிக் மட்டும் விதிவிலக்கு என்பேன். ஃபிலிப்பினோக்கள் தங்கள் ஊரில் பன்றிக் கறியில் செய்வது. பன்றிக்கு இங்கே தனி அனுமதி, தனி ஃப்ரீசர், தனிச் சமையலிடம் எல்லாம் வேண்டும், சின்ன இடத்துக்குக் கட்டாது. கோழியில் செய்து, இரும்புத் தட்டு சீறச் சீற, பச்சை மிளகாயும் புளிப்பும் சரியாக வைத்துக் கொடுத்தால் அவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. தட்டு ஆறிப்போய் வந்தால்தான் கோபம்.

தனியாக வருகிறவருக்கு அரை அளவு கட்டாயம் வேண்டும். நாலு பேருக்கான பிளாட்டரை ஒருவர் முன்னால் வைத்தால், அவர் தனியாக இருக்கிறார் என்பதை அவருக்கே எடுத்துச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

டிவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த சண்டைகளில் குடியால் வந்ததைவிட ரிமோட்டால் வந்தது அதிகம். ஐபிஎல் மாலை மேட்ச் இந்தியாவில் ஏழரைக்கு, இங்கே ஆறுக்கு. பிரீமியர் லீக் சனிக்கிழமை மூன்று மணி ஆட்டங்கள் குளிர்காலத்தில் இங்கே ஏழுக்கு. மார்ச் கடைசியில் இங்கிலாந்துக் கடிகாரம் ஒரு மணி முன்னால் போனதும் அதுவும் ஆறாகிவிடும். அதாவது ஏப்ரல், மே சனிக்கிழமைகளில் டாஸ் முடிந்து முதல் பந்து விழுகிற அதே நிமிஷம் கால்பந்துக்கும் விசில் ஊதுவார்கள். மஞ்சள் சட்டை போட்டு நம்மாள் ஒருபக்கம், சிவப்புச் சட்டையில் லிவர்பூல் கூட்டம் இன்னொரு பக்கம். இரண்டு திரை வைக்கலாம், சத்தம் ஒன்றுக்குத்தான் வைக்க முடியும். எதற்கு என்பதை வியாழக்கிழமையே எழுதி வாசலில் மாட்டிவிடுங்கள். தனக்குச் சத்தம் இல்லை என்று முன்கூட்டித் தெரிந்தவர் சண்டை போடுவதில்லை, சப்டைட்டிலோடு சந்தோஷமாகப் பார்ப்பார். வந்து உட்கார்ந்து ஆர்டர் கொடுத்த பிறகு தெரிந்தால்தான் வம்பு. வீட்டு இணைப்பைக் கொண்டுவந்து மாட்டுகிற சாமர்த்தியமும் வேண்டாம், வணிக இணைப்புக்குத் தனிச் சந்தா உண்டு.

லேடீஸ் நைட் இந்த ஊரில் பெரிய சடங்கு. பெண்களுக்கு இரண்டு கிளாஸ் இலவசம் என்று போர்டு வைத்தால் பெண்கள் வருகிறார்களோ இல்லையோ, பார்க்க ஆண்கள் வந்துவிடுவார்கள். டியூட்டி முடித்து வருகிற நர்ஸ்கள் நாலு பேர் கேட்பது இலவசக் கிளாஸ் இல்லை. மூலை மேஜை, அதற்கு ஒரே வெயிட்டர், அடுத்த மேஜையிலிருந்து "அவங்களுக்கு நம்ம சார்புல ஒரு டிரிங்க்" என்று வருகிற ஆர்டரை அவர்களைக் கேட்காமல் கொண்டுபோகாத மானேஜர். அப்படி ஆர்டர் கொடுத்த ஆள் பெரிய பில் போடுகிற ஆளாக இருந்தாலும் முடியாது என்று சிரித்தபடி சொல்லத் தெரிய வேண்டும். முதலாளிகளுக்கு இது புரிய நாளாகும். அந்த நாலு பேர் மறுமாதம் பத்துப் பேராக ஒரு பிறந்தநாளுக்கு வந்தால் உடனே புரிந்துவிடும்.

வண்டி ஓட்டுகிறவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் பார்க்கிங்கைவிட மெட்ரோ நேரம் முக்கியம். திங்கள் முதல் வியாழன் வரை நள்ளிரவு, வெள்ளிக்கிழமை ஒரு மணி. பதினொன்றேகாலுக்கு மேல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பில் வேண்டும். உங்களிடம் ஒரே கார்டு மெஷின் இருந்து, அதற்கும் சிக்னல் கிடைக்காமல் போனால், கடைசி ரயிலை விட்டவர் டாக்ஸிக்குக் கொடுத்த திர்ஹாமையும் உங்கள் பில்லில் சேர்த்துத்தான் நினைவில் வைத்துக்கொள்வார். பதினொரு மணிக்கே மேஜை மேஜையாகப் போய், "ரயிலா டாக்ஸியா பாஸ்?" என்று கேட்கச் சொல்லி பையன்களைப் பழக்கியிருந்தேன். வாடகை குறைவு என்று ஷார்ஜாவில் குடியிருப்பவர்கள் இன்னும் முன்னாலேயே எழுந்துவிடுவார்கள். அங்கே ஹோட்டலிலும் மது கிடையாது, மெட்ரோவும் போகாது. அவர்களுக்கு ஆறு மணி ஹேப்பி ஹவர்தான் மொத்த ராத்திரியும்.

ரமலானில் பாட்டுக் கச்சேரி, டிஜே எல்லாம் நிற்கும், சத்தம் தாழும், கூட்டமும் குறையும். அந்த மாதத்தில் கிச்சன் ஆட்களுக்கு லீவு கொடுத்து ஊருக்கு அனுப்புவது நல்லது. ஜூலையில் அனுப்பாதீர்கள். பள்ளிக்கூடம் மூடி, பெண்டாட்டி பிள்ளைகள் டிக்கெட் எடுத்து ஊருக்குப் போனதும், வருஷம் பூராவும் எட்டிப் பார்க்காத குடும்பஸ்தர்கள் தினமும் வர ஆரம்பிப்பார்கள். ஒரு பியரோடு நிறுத்திக்கொண்டு, ராத்திரி பத்து மணிக்கு "ரசம் சாதம் ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்பார்கள். மெனுவில் அது இருக்காது. ஒரு அண்டா ரசம், கொஞ்சம் சாதம், அப்பளம், முட்டைப் பொரியல், இதற்கு ஒரு ரவுண்டான விலை. ஜூன் கடைசி வாரமே அதைத் தனிச் சீட்டில் அடித்து ஒவ்வொரு மேஜையிலும் வைத்துவிட வேண்டும்.