திரையிலே ஒளியும் நிழலும்



வேங்கிக்காலில் இருப்பவர்களுக்கு ஒளியைப் பற்றிப் பாடம் நடத்தக் கரும்பலகை தேவையில்லை, மலையே போதும். காலை வழிபாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது அண்ணாமலையைப் பாருங்கள். கிழக்கே எழுந்த கதிரவனின் ஒளி நேரே அதன்மேல் விழுவதால் பாறையும் புதரும் மடிப்பும் தெளிவாகத் தெரியும். கார்த்திகை மாத மாலையில் அதே மலையை மீண்டும் பாருங்கள். கதிரவன் மலைப்பக்கமாகச் சாய்ந்து இறங்குகிற வேளையில் அது வெறும் கருவடிவமாக எழுந்து நிற்கும். காலையில் ஏறிப் பார்ப்போமா என்று ஆசை காட்டிய மலை, மாலையில் நம்மை வாய்பேசாமல் நிற்க வைக்கிறது. அதன் 2,668 அடி உயரத்தில் ஓரடியும் கூடவில்லை. ஒளி வரும் திசை மாறிற்று. நம் மனநிலையும் மாறிற்று.

திரைப்பட ஒளிப்பதிவாளரின் கலைக்கு இதுவே அரிச்சுவடி. பள்ளி மலரில் சினிமாவைப் பற்றிக் கட்டுரையா என்று சில பெற்றோர் முகம் சுளிக்கக்கூடும். பார்க்காதே என்று தடுப்பதைவிடப் பார்க்கக் கற்றுக்கொள் என்று சொல்வதே பயன் தரும் என்பது என் எண்ணம்.

மின்சாரம் இல்லாத ஓர் இரவில், கையில் டார்ச் விளக்குடன் கண்ணாடி முன் நில்லுங்கள். விளக்கை மோவாய்க்குக் கீழே பிடித்தால் உங்கள் முகமே உங்களுக்கு அச்சமூட்டும். கதிரவனும் வீட்டு விளக்கும் மேலிருந்தே ஒளி தந்து பழகிய கண்களுக்கு, கீழிருந்து வரும் ஒளி இயற்கைக்கு மாறானது. பேய்ப்படங்கள் இந்த ஒன்றை வைத்தே காலம் தள்ளுகின்றன. பக்கவாட்டில் பிடித்தால் பாதி முகம் இருளில் மறையும். மறைந்த பாதியில் என்ன இருக்கிறதோ என்ற ஐயம் பிறக்கும். தலைக்கு மேலே பிடித்தால் கண்குழிகள் இருண்டுவிடும். 1972இல் வெளிவந்த ‘காட்ஃபாதர்’ என்ற அமெரிக்கப் படத்தில் கார்டன் வில்லிஸ் என்ற ஒளிப்பதிவாளர் இவ்வாறுதான் மார்லன் பிராண்டோவின் கண்களை நிழலில் ஆழ்த்தினார். கண் தெரியாத மனிதரின் உள்ளத்தை யார் அறிவார்? தலைக்குப் பின்னால் பிடித்தால் கூந்தலின் ஓரம் பொன்னாக மின்னும். புனிதர்களின் படங்களில் தலையைச் சுற்றி வரையும் ஒளிவட்டத்தின் நெருங்கிய உறவு இது. நம் பழைய படங்களின் கதாநாயகியர் பலர் இந்தப் பின்னொளி இல்லாமல் திரையில் தோன்றியதே இல்லை எனலாம்!

நிழலையே மொழியாக்கிய தமிழ்ப் படம் ஒன்றுண்டு. 1954இல் ஏ.வி.எம். நிறுவனம் தயாரித்து, வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ அது. பாட்டு இல்லை, நடனம் இல்லை. பாட்டுக்காகவே மக்கள் கொட்டகைக்குப் போன காலத்தில் இது எத்துணைத் துணிவு! சென்னையில் ஒருவன் சுட்டுக் கொல்லப்படுகிறான். வீட்டாரும் அண்டை அயலாரும் ஆளுக்கொரு விதமாய்ச் சந்தேகம் சொல்கின்றனர். ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் அந்த வீட்டை முழு வெளிச்சத்தில் காட்டியிருந்தால் நமக்குச் சந்தேகமே எழாது. அவரோ சுவரில் நீண்ட நிழல்களை விழச் செய்தார். முகங்களைப் பாதி இருளில் நிறுத்தினார். யாரையும் முழுமையாக அறியோம் என்பதை உரையாடலுக்கு முன்பே ஒளி சொல்லிவிடுகிறது.

இருள் எப்போதும் தீமையையே குறிக்கும் என்று எண்ண வேண்டா. பாஸ்கா இரவில் ஆலயத்தின் விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டுத்தானே ஒற்றைத் திரியை உள்ளே கொண்டு வருகிறோம்? மலைமேல் ஏற்றும் தீபமும் நண்பகலில் ஏற்றினால் யார் கண்ணில் படும்?

ஒளியில் கடினமானது, மென்மையானது என இருவகை உண்டு. உச்சிவெயிலில் நிழல் கத்தியால் வெட்டினாற்போல் விழுகிறது. மேகம் மூடிய நாளில் நிழலே தெரிவதில்லை. ஏனெனில் வானம் முழுவதும் ஒரே பெரிய விளக்காகி எல்லாப் பக்கமிருந்தும் ஒளி தருகிறது. இந்த எளிய உண்மையைச் சுப்ரதா மித்ரா படப்பிடிப்பு நிலையத்துக்குள் கொண்டுவந்தார். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’க்கு முன் திரைப்படக் கருவியை இயக்கியே அறியாத இளைஞர் அவர். 1956இல் ‘அபராஜிதோ’ எடுத்தபோது, காசியிலுள்ள முற்றம் வைத்த வீடொன்றைக் கல்கத்தா நிலையத்தில் அரங்காக அமைத்தனர். அத்தகைய வீட்டுக்குள் ஒளி வானத்திலிருந்து முற்றத்தின் வழியே மட்டுமே இறங்கும். நேரடியாக விளக்குகளைப் போட்டால் ஆளுக்கு நாலு நிழல் விழுந்து பொய் வெளிப்பட்டுவிடும். மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளின் ஒளியை அத்துணியில் மோதித் திரும்பச் செய்தார். துணியே வானமாயிற்று. அது அரங்கம்தான் என்று நம்பப் பலரால் முடியவில்லை.

இனி நான் முதன்மையாகச் சொல்ல வந்த செய்தி. சில ஆண்டுகளுக்கு முன் வகுப்புப் புகைப்படம் எடுத்த நாளில் ஒரு மாணவி கடைசி வரிசையில் உயரமான தோழியின் முதுகுக்குப் பின்னே ஒளிந்து நின்றாள். முன்னே வா என்றேன். “வேண்டாம் டீச்சர், நான் கறுப்பாத்தான் விழுவேன்” என்றாள். படமும் அப்படியே வந்தது. அவள் முகமிருந்த இடத்தில் இரண்டு கண்கள் மட்டுமே தெரிந்தன.

அது அவள் நிறத்தின் குற்றமன்று. நண்பகல் வெயிலில் வெள்ளைச் சீருடைகள் பளீரென்று ஒளிர, கருவி அந்த வெண்மைக்கேற்ப ஒளியைக் குறைத்துக்கொண்டது, முகங்கள் இருண்டன. வண்ணப் படச் சுருளின் வரலாற்றிலும் இதே பிழை உண்டு. கோடாக் நிறுவனம் நிறங்களைச் சரிபார்க்க அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய அட்டையில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் படமே இருந்தது. ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அவள் முகம் நன்றாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. நம் திரையுலகமோ மாவுப் பூச்சையும் பெரு விளக்குகளையும் கொண்டு நம்மவர் முகங்களை அந்தக் கணக்குக்குள் அடைக்கப் பார்த்தது.

அதற்கு மறுப்புச் சொன்னவர்களில் ஒருவர் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்து, பூனா திரைப்படக் கல்லூரியில் பயின்ற பாலு மகேந்திரா. ‘மூன்றாம் பிறை’ (1982) ஒளிப்பதிவுக்காகத் தேசிய விருது பெற்றவர். 1988இல் வெளிவந்த அவருடைய ‘வீடு’ படத்தில், வேலைக்குச் செல்லும் பெண் ஒருத்தி சொந்தமாக ஒரு சிறு வீடு கட்டப் படாதபாடு படுகிறாள். அதில் நடித்த அர்ச்சனா மாநிற முகத்தினர். பூச்சு மினுக்கு இல்லை. சன்னலிலும் வாசலிலும் வரும் இயற்கை ஒளியே அம்முகத்தை நமக்குக் காட்டுகிறது. அவளுடைய கவலையும் களைப்பும் பிடிவாதமும் ஒன்றுவிடாமல் தெரிகின்றன. நாம் பேருந்தில் நாளும் காணும் முகம் அது. இந்த நடிப்புக்கே 1987ஆம் ஆண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது.

அடுத்த ஆண்டு வகுப்புப் புகைப்படத்தை முற்றவெளியில் எடுக்கவேண்டாம் என்றேன். வந்தவர் வெளிச்சம் போதாது என்று முணுமுணுத்தார். தாழ்வாரத்தின் நிழலில், திறந்த வெளியைப் பார்த்து மாணவியரை நிற்க வைத்தோம். வெயிலில் காய்ந்த எதிர்ச் சுவரின் வெண்மை அவர்கள் முகங்களில் மெல்லப் படிந்தது. மித்ராவின் துணி செய்த வேலையைச் சுவர் செய்தது. அந்தப் பெண் இரண்டாம் வரிசையில் நின்றாள். படம் வந்தபோது நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஊரிலுள்ள ஆயாவுக்கு அனுப்ப இன்னொரு பிரதி கிடைக்குமா என்று கேட்டாள்.