சஸ்டெய்ன் பெடல் வாங்கப் போகும் தம்பிக்கு

கிட்டார் கைக்கு வந்து ஆறு மாதம் ஆனதும் பிள்ளைகள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "சார், ஒரு நோட்டை அடிச்சா அப்படியே நீண்டு நிக்கணும். அதுக்கு எந்தப் பெடல் வாங்கறது?" கேட்பது தம்பியானாலும் தங்கையானாலும் பதில் ஒன்றுதான். ஆனால் அது ஒரு வரியில் அடங்காது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

1. என்ன வாங்கப் போகிறாய் என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போ. சஸ்டெய்ன் வேண்டும் என்று பொதுவாகக் கேட்டால் கடைக்காரர் மூன்று விதமான சாமான்களை எடுத்து வைப்பார். எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் பிக் மஃப் பெடலில் சஸ்டெய்ன் என்றே ஒரு குமிழ் இருக்கும். அதைத் திருகினால் கூடுவது ஃபஸ், அதாவது கரகரப்பு. ஈ-போ 1976-இல் விற்பனைக்கு வந்த கையடக்கக் கருவி. அதைக் காலால் மிதிப்பதில்லை. தந்திக்கு மேலே பிடித்தால் காந்தப் புலத்தால் தந்தியை விடாமல் அதிரவைக்கும். மூன்றாவது கம்ப்ரஸர். பாஸ் கம்பெனியின் சிஎஸ்-3 பெடல் மேல் 'கம்ப்ரஷன் சஸ்டெய்னர்' என்றே அச்சிட்டிருப்பார்கள். இங்கே நான் பேசுவது இந்த மூன்றாவது சாமானைப் பற்றி.

2. இந்தப் பெடல் தந்தியின் அதிர்வை ஒரு நொடிகூட நீட்டாது. மீட்டியதும் முதல் அடி ஓங்கி வரும், பிறகு தேய்ந்துகொண்டே போகும், இல்லையா? கம்ப்ரஸர் அந்த ஓங்கிய அடியைத் தட்டி அமுக்குகிறது. அமுக்கும் விகிதமான ரேஷியோ 4:1 என்றால், அமுக்கத் தொடங்கும் எல்லைக்கு மேல் 8 டெசிபெல் எகிற வேண்டிய ஒலி 2 டெசிபெல்தான் எகிறும். அமுங்கிக் குறைந்ததை அவுட்புட் குமிழ் மொத்தமாகத் தூக்கிக் கொடுக்கும்போது, தேய்ந்து போகிற வால்பகுதியும் கூடவே மேலே வருகிறது. காதுக்கு நோட்டு நீண்டதாகப் படுகிறது. தலையைக் கொடுத்து வாலை வாங்குகிறாய். எவ்வளவு தலையைக் கொடுக்கலாம் என்பதுதான் இனிச் சொல்லப்போகிற எல்லாமே.

3. வால் இருந்தால்தானே தூக்க முடியும்? முதலில் கிட்டாரைப் பார். தந்தி மாற்றி எத்தனை மாதம் ஆயிற்று? வியர்வையும் அழுக்கும் ஏறிய தந்தி சீக்கிரம் செத்துவிடும், கடற்கரை ஊர்க் காற்றில் இன்னும் சீக்கிரம். விரல் ஃப்ரெட்டுக்கு ஒட்டிப் பின்னால் அழுந்துகிறதா, நடுவில் அழுந்துகிறதா? தந்தியை வாசிக்க லேசாக இருக்கட்டும் என்று அளவுக்கு மீறி இறக்கி வைத்திருந்தால் அது ஃப்ரெட்டில் உரசி உரசியே அடங்கிவிடும். பிக்கப்பையும் விடாதே. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரில் பிக்கப்பை உயர்த்தி வைத்தால் காந்தமே தந்தியை இழுத்து அதிர்வைத் தின்னும். தடித்த தந்தியில் மேல் ஃப்ரெட்டுகளில் நோட்டு ஒரு மாதிரி பிசிறி ஆடினால் காரணம் இதுதான். ஓரத்து ஸ்க்ரூவைத் திருகிக் கொஞ்சம் இறக்கிப் பார். இதற்கெல்லாம் ஆகிற செலவு ஒரு செட் தந்தியின் விலை.

4. பெடலைப் போட்டாலும் எடுத்தாலும் சத்தம் ஒரே அளவில் இருக்கும்படி அவுட்புட்டை வை. சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதை 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிடும். கடையில் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அளவைச் சமன் செய்த பிறகும் பெடல் பிடித்திருந்தால் வாங்கு.

5. அட்டாக் குமிழை மதிக்கக் கற்றுக்கொள். அமுக்குவதற்குப் பெடல் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதே அது. உடனே அமுக்கினால், பிக் தந்தியைத் தொடுகிற அந்த 'டிக்' செத்துப்போகும். நோட்டு வழவழவென்று வரும். சற்றுப் பொறுத்து அமுக்கினால் 'டிக்' தப்பித்து வெளியே வந்துவிடும், அதற்குப் பின்னால்தான் பிடி விழும். நாஷ்வில் கன்ட்ரி வாசிப்பில் தந்தியை விரலால் சுண்டிவிடும் பாணிக்கு அந்த 'டிக்' துள்ள வேண்டும். ஸ்லைடு வாசிப்புக்கு வழவழப்பே அழகு. லிட்டில் ஃபீட் குழுவின் லோவெல் ஜார்ஜ் ஸ்லைடுக்கு எம்எக்ஸ்ஆர் டைனா காம்பைப் பயன்படுத்தியது அதனால்தான். பழைய டைனா காம்பில் இரண்டே குமிழ், அவுட்புட்டும், எவ்வளவு அமுக்குவது என்று சொல்லும் சென்சிட்டிவிட்டியும். அட்டாக்கை அவர்களே முடிவுசெய்து பூட்டிவிட்டார்கள். குமிழ் குறைந்தது குறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கென்னவோ, தொடக்கக்காரனுக்கு அது வரம்.

அட்டாக் குமிழ் இருந்தால் எந்தப் பக்கம் திருப்பினால் வேகம் என்று பெடலுக்குப் பெடல் மாறும். மூன்றாம் தந்தியில் ஏழாம் ஃப்ரெட்டைப் பிடித்து ஒரே நோட்டைத் திரும்பத் திரும்ப அடி. நடுநடுவே நிறுத்திக் குமிழை மெல்ல நகர்த்து. 'டிக்' எங்கே மறைகிறது, எங்கே திரும்பி வருகிறது என்று காது சொல்லும். யூடியூபில் எவரோ காட்டிய குமிழ் நிலையை அப்படியே வைக்காதே. அவர் கை வேறு, உன் கை வேறு.

6. இரைச்சலும் வாலோடு சேர்ந்துதான் மேலே வரும். நீ வாசிக்காமல் நிற்கிற நேரத்தில் அமுக்க எதுவும் இல்லை. அப்போது பெடல் முழு மூச்சாகத் தூக்குவது இரைச்சலைத்தான். சிங்கிள் காயில் பிக்கப் என்றால் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம், டியூப்லைட், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் கச்சேரியில் சேர்ந்துகொள்ளும். ஃபேனை நிறுத்திப் பார், பாதி சனி விலகும். ஹம்பக்கர் பிக்கப்புக்கு இந்தத் தொல்லை குறைவு.

7. டிஸ்டார்ஷனுக்கு முன்னால் கம்ப்ரஸரை வை. பின்னால் வைத்தால் டிஸ்டார்ஷனின் 'ஸ்ஸ்' முழுவதையும் தூக்கிக் காட்டும். இன்னொன்று, டிஸ்டார்ஷனே ஒலியின் தலையை வெட்டித் தட்டையாக்குகிற வேலையைத்தான் செய்கிறது, அதனால் அங்கே கம்ப்ரஸருக்குப் பெரிய வேலை கிடையாது. கார்லோஸ் சந்தானாவின் முடிவில்லாமல் நிற்கும் நோட்டுகளைக் கேட்டுவிட்டு கம்ப்ரஸர் வாங்க ஓடுகிறவர்கள் உண்டு. அது ஆம்ப் சத்தம் திரும்பி வந்து தந்தியை அதிரவைக்கும் ஃபீட்பேக். மேடையில் நோட்டு நிற்கும் இடத்தைத் தேடிப்பிடித்துத் தரையில் டேப் ஒட்டிக்கொள்வாராம். அபார்ட்மென்ட் வீட்டில் அதற்கு வழியில்லை, பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார்.

8. பேஸ் வாசிக்கிற பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கு இந்தப் பெடல் சஸ்டெய்னுக்காக என்பதைவிட, நாலு தந்தியும் ஒரே கனத்தில் கேட்பதற்காக. பேஸின் தடித்த ஈ தந்தி திறந்து ஒலிக்கும்போது சுமார் 41 ஹெர்ட்ஸ். அந்த அடி ஒலியின் பலம் பெடலைச் சட்டென்று உசுப்பிவிடும். கிட்டாருக்கென்று செய்த பெடலில் பேஸைச் செருகினால், தடித்த தந்தியைத் தொட்டதும் மொத்த ஒலியும் அமுங்கிப்போவது இதனால்தான். பிளெண்ட் குமிழ் உள்ள பெடலாகப் பார். அமுக்கிய ஒலியோடு கைபடாத ஒலியையும் கலந்தால் விரலின் உயிர் மிஞ்சும். எம்எக்ஸ்ஆரின் எம்87 பேஸ் கம்ப்ரஸரில் எவ்வளவு அமுங்குகிறது என்று காட்டும் விளக்கு வரிசை உண்டு. கண்ணும் காதும் சேர்ந்து பழக அது நல்ல வாத்தியார். ஸ்லாப் அடிக்கும்போது எல்லா விளக்கும் எரிந்தால் அமுக்கத்தைக் குறை.

ஃபெண்டர் வகைப் பேஸ்களில் ஜி தந்தியின் 5 முதல் 7-ஆம் ஃப்ரெட்டுக்குள் ஒரு நோட்டு மட்டும் சட்டென்று அணைந்துவிடும். கழுத்து மரம் அந்த அதிர்வெண்ணில் தானும் சேர்ந்து ஆடித் தந்தியின் பலத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அதை ஓரளவு மறைக்கும், குணப்படுத்தாது. ஹெட்ஸ்டாக்கில் ஒரு சின்ன கிளாம்பை மாட்டி எடை கூட்டிப் பார். செத்த இடம் நகர்ந்து போகலாம்.

நீளமே வேண்டாத பாட்டும் இருக்கிறது. மோடவுன் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் பிரிட்ஜ் மூடிக்குக் கீழே நுரைப்பஞ்சு வைத்து ஒலியைக் குறுக்கினார், பழைய தந்திகளை மாற்றவும் மாட்டார். அந்த 'டும்' குட்டையாக முடிவதால்தான் டிரம்ஸுக்கு இடம் கிடைத்தது.

9. கர்நாடக சங்கீதத்தைக் கிட்டாரில் கொண்டுவர ஆசைப்படுகிறவர்களுக்கு இந்தப் பெடல் நிஜமாகவே உதவும். ஒரே மீட்டில் நாலைந்து ஸ்வரம் உருண்டு வர வேண்டும். மீட்டிய பலம் முதல் ஸ்வரத்திலேயே தீர்ந்தால், கமகம் முடியும் முன்பே ஒலி போய்விடும். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் இரட்டைத் தந்திகளை விட்டு ஐந்து ஒற்றைத் தந்தி எலெக்ட்ரிக் மாண்டலினுக்குப் போனதால்தான் கமகத்துக்கு வழி திறந்தது. கம்ப்ரஸர் வைத்தால் இழுப்பின் பின்பாதி முன்பாதிக்குச் சமமாகக் கேட்கும். அமுக்கிய பிடியை விடும் வேகத்துக்கான ரிலீஸ் குமிழ் இருந்தால் மெதுவாக வை. வேகமாக வைத்தால் நோட்டு நடுவே ஊதி ஊதி மூச்சு வாங்கும், தோடி பாடுகிறவருக்கு இரைப்பு வந்த மாதிரி. ஆனால் மிருதங்கத்தோடு உட்காரும்போது சென்சிட்டிவிட்டியைப் பாதிக்குக் கீழே இறக்கிவிடு. மெலிதாகத் தொட்டதும் அழுத்தித் தொட்டதும் ஒரே அளவில் வந்தால் சங்கதிக்கு ஏற்ற இறக்கம் போய்விடும்.

10. பெரும்பாலான பெடலுக்கு 9 வோல்ட் டிசி, நடுமுனை நெகட்டிவ். சாக்கெட் பக்கத்தில் படம் போட்டிருக்கும், பார்த்துச் செருகு. வீட்டில் கிடக்கும் கீபோர்டு அடாப்டரை 'பொருந்துகிறதே' என்று குத்தினால் பெடல் போச்சு. பாட்டரியில் ஓட்டினால், வாசித்து முடித்ததும் இன்புட் கேபிளைப் பிடுங்கி வை. ஜாக் உள்ளே இருக்கும்வரை, காலால் மிதித்து அணைத்திருந்தாலும் பாட்டரி தீர்ந்துகொண்டேதான் இருக்கும்.