வைரஸால் வந்த வயிற்றுப் புற்றுநோய் ஒட்டிக்கொள்ளுமா?

கேள்வி: பட்டு நெய்யும் என் அப்பாவுக்கு இரைப்பையில் புற்றுநோய். பயாப்ஸி அறிக்கையில் ‘ஈபிவி வைரஸ்’ என்று இருக்கிறது. வீட்டில் அவருடைய டம்ளரைத் தனியாக வைத்துவிட்டார்கள். இது தொற்றுமா? குணமாகுமா?
– வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: முதலில் அந்த டம்ளரை மற்றவற்றோடு சேர்த்து வையுங்கள். புற்றுநோய் தொற்றாது. 1964இல் கண்டறியப்பட்ட எப்ஸ்டீன்-பார் வைரஸ் (ஈபிவி) எச்சில் வழியே பரவும் என்பது உண்மை. ஆனால் பெரியவர்களில் 10இல் 9 பேர் உடம்பில் அது ஏற்கெனவே இருக்கிறது. பெரும்பாலோருக்குத் தொல்லை தருவதில்லை. உலக அளவில் இரைப்பைப் புற்றுநோய்களில் சுமார் 9 சதவீதமே இந்த வைரஸோடு தொடர்புள்ள வகை.

எண்டோஸ்கோப்பியில் பார்த்து மட்டும் இந்த வகைதான் என்று சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனையும் போதாது. எடுத்த சதைத்துணுக்கில் ‘ஈபர்’ சோதனை செய்வார்கள். வைரஸ் உள்ள புற்றணுக்களின் உட்கரு மட்டும் சாயமேறித் தெரியும். அதுதான் உறுதியான சான்று.

வைரஸை ஒழித்துக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. அறுவைசிகிச்சையும் கீமோதெரபியும்தான் அடிப்படை. நல்ல செய்தி: இந்த வகை நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவது குறைவு, மற்ற வகைகளைவிடப் பலன் பொதுவாக நன்றாக இருக்கிறது. முற்றிய நிலையிலும் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இம்யூனோதெரபி பலருக்குக் கைகொடுக்கிறது, எல்லோருக்கும் அல்ல.

உங்கள் ஊரை ஒட்டிய காரப்பேட்டையிலேயே அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. பயாப்ஸி அறிக்கை, மெழுகில் பதித்த சதைத்துணுக்கு, சி.டி. ஸ்கேன், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆகியவற்றோடு இந்த வாரமே போங்கள். “எந்த நிலை? அறுவைசிகிச்சை முடியுமா? இம்யூனோதெரபி பொருந்துமா?” என்று தயங்காமல் கேளுங்கள்.